புலி தரிசனம் என்னும் மூடநம்பிக்கை

முதுமலைக்கோ டாப்ஸ்லிப்புக்கோ போய்த் திரும்பியவரிடம் பயணம் எப்படி என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "அட போங்க சார், நாலு மானும் ரெண்டு மயிலும்தான். ஒரு யானைகூட இல்ல. காசு தண்டம்." கேட்டவரும் விடமாட்டார். "உங்க நேரம் சரியில்ல. நாங்க போனப்ப புலி ரோட்டுலயே படுத்திருந்துச்சு" என்பார். சொன்னவருக்கு வயிறு எரியும், கேட்டவருக்குப் பெருமை தாங்காது. சரணாலயம் என்பது விலங்கு காட்டும் இடம், பெரிய விலங்கு கண்ணில் பட்டால் பயணம் வெற்றி, படாவிட்டால் நஷ்டம் என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

படித்தவர், படிக்காதவர், பணக்காரர், ஏழை என்ற பேதமில்லாமல் பரவிவிட்ட நம்பிக்கை இது. ஜீப் ஓட்டுநர் முதல் விடுதி முதலாளி வரை பலருக்கு இதுவே பிழைப்பு. இந்த நம்பிக்கை பொய் என்பதோடு, நீலகிரியிலும் ஆனைமலையிலும் மிச்சமிருக்கிற காட்டுக்கு இதுவே கேடு என்றும் சொல்கிறேன்.

சட்டத்திலிருந்து தொடங்குவோம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 28ஆம் பிரிவில், எந்தெந்தக் காரியத்துக்காக ஒருவரைச் சரணாலயத்துக்குள் விடலாம் என்று வரிசையாகச் சொல்கிறது. காட்டுயிர்களை ஆராய்வது, படம் எடுப்பது, அறிவியல் ஆய்வு ஆகியவற்றுக்குப் பிறகுதான் சுற்றுலா வருகிறது. 27ஆம் பிரிவோ விலங்கைச் சீண்டாதே, குப்பை போடாதே என்கிறது. வந்தவருக்கு விலங்கைக் காட்டியாக வேண்டும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. முதுமலை 1940இல் சரணாலயமாகி, 2007இல் புலிகள் காப்பகமும் ஆனது. இரண்டு முறையும் அந்த அறிவிப்பு அங்கே வாழும் உயிர்களுக்காக வந்தது. நமக்கு வாசலில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். புலியைப் பார்த்தே தீர வேண்டும் என்பவருக்கு வண்டலூர் உயிரியல் பூங்கா இருக்கிறது. அங்கே புலிக்கு வேறு போக்கிடம் கிடையாது.

அடுத்தது புலியின் இயல்பு. அது தனித்துத் திரியும் விலங்கு. அந்தியிலும் இரவிலும் நடமாடி, பகலில் நிழலும் தண்ணீரும் உள்ள இடத்தில் படுத்துக்கிடக்கும். மறைந்து நெருங்கினால்தான் அதற்குச் சோறு. பார்வையில் படாமலிருப்பதே அதன் தொழில் எனும்போது, காலை ஏழு மணிக்கு டீசல் புகையோடும் இருபது பேர் பேச்சோடும் போகிற வேனுக்கு முன்னால் அது ஏன் வந்து நிற்க வேண்டும்?

புலிகளை எண்ணுகிறவர்களே புலியைப் பார்த்து எண்ணுவதில்லை. ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு என்பதால், தானியங்கிக் கேமராவில் விழுந்த படங்களின் வரியை ஒப்பிட்டு எண்ணுகிறார்கள். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்காக நாடு முழுவதும் 32,588 இடங்களில் கேமராக்கள் வைத்தார்கள். அவை பேசாமல், பொறுமையிழக்காமல், இரவும் பகலும் விழித்திருந்து 4 கோடியே 70 லட்சம் படங்கள் எடுத்தன. அவற்றில் புலி இருந்த படங்கள் 97 ஆயிரத்துச் சொச்சம். ஏறக்குறைய ஐந்நூறு படத்துக்கு ஒரு புலி. புலி போகும் தடம் பார்த்துக் கட்டிவைத்த கேமராவுக்கே இந்தக் கதி என்றால், முக்கால் மணி நேரம் வேனில் சுற்றியவர் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது?

சரி, எளிதில் கண்ணில் படுகிற விலங்குகள் எவை? சாலையின் இருபுறமும் புதர் வெட்டி 'வியூ லைன்' எடுக்கிறார்கள். வெட்டிய இடத்தில் இளம்புல் துளிர்க்கிறது, புள்ளிமான் மேய வருகிறது. முதுமலையின் தெப்பக்காட்டில் கூட்டமாக மான் நிற்பதைப் பார்த்து, காடு செழிப்பாக இருக்கிறது என்று சான்றிதழ் தருகிறோம். ஆள் நடமாட்டத்துக்கும் வண்டிச் சத்தத்துக்கும் பழகிப்போன மான்கள் அவை. அவற்றை வைத்து உள்காட்டைப் பற்றி ஒரு முடிவுக்கும் வர முடியாது. மலைப்பாதைக் கொண்டையூசி வளைவில் உட்கார்ந்திருக்கும் குரங்கும் இப்படித்தான். அது பழம் தேடுவதை விட்டு பிஸ்கட்டுக்குக் காத்திருக்கிறது.

பழகிப்போன விலங்கு என்ன ஆகும் என்பதற்கு ரிவால்டோ என்ற ஆண் யானையின் கதை போதும். தும்பிக்கையில் காயம்பட்ட யானை அது. மசினகுடிக்குப் பக்கத்தில் வாழைத்தோட்டம், மாவனல்லா பகுதியில் மக்கள் பழம் கொடுத்துப் பழக்கினார்கள். வீட்டு வாசல் வரை வந்து நிற்கும். விருந்தினருக்குக் காட்ட இதைவிட வசதியான யானை உண்டா? 'சைட்டிங்' உறுதி. கடைசியில் ஊருக்குள் திரிகிறது என்ற புகாரில், 2021 மே மாதம் அதே பழத்தைக் காட்டி வரவழைத்து அதைக் கரால் என்னும் மரக்கூண்டில் அடைத்தார்கள். ஆகஸ்டில் கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி உள்காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். சில நாளிலேயே அது பழைய இடத்துக்கு நடந்து வந்துவிட்டது. அதே 2021 ஜனவரியில், விடுதிப் பக்கம் வந்த இன்னொரு யானைமீது மசினகுடியில் எரியும் டயரை வீசினார்கள். தீக்காயத்தோடு தெப்பக்காடு யானை முகாமுக்குக் கொண்டுபோகும் வழியில் அது செத்தது. யானையைப் பக்கத்தில் வரவழைக்க ஒரு கை பழம் நீட்டுகிறது, வந்த யானையை விரட்ட இன்னொரு கை நெருப்பை எடுக்கிறது. யானை பக்கத்தில் இருந்தால்தான் வியாபாரம் என்ற ஏற்பாட்டுக்கு இரண்டு கையும் வேண்டியிருக்கிறது.

வியாபாரம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மசினகுடி இருக்கும் சீகூர்ப் பீடபூமி, மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் யானை வழி. அங்கே விடுதிகள் முளைத்தது, ஜன்னலைத் திறந்தால் யானை தெரியும் என்ற விளம்பரத்தை நம்பி நாம் போனதால்தான். 2010இல் தமிழக அரசு அதை யானை வழித்தடமாக அறிவித்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2018இல் பல விடுதிகளுக்கு சீல் வைத்தார்கள். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அறிவிப்பு செல்லும் என்றது. யானை நடக்க வழி விடு என்று சொல்லிமுடிக்கவே பத்து வருடம் பிடித்தது. இதற்குப் பின்னும் 'நைட் சஃபாரி கூட்டிட்டுப் போறோம்' என்று காதோரம் கிசுகிசுக்கும் ஆள் இருக்கிறார் என்றால், கேட்கிற காது இருப்பதால்தான். இரவு 9 முதல் காலை 6 வரை முதுமலைச் சாலையில் போக்குவரத்தை நிறுத்துவது விலங்குகள் நிம்மதியாகச் சாலையைக் கடப்பதற்காக. அந்த நேரத்தில் பக்கத்துக் காட்டுப் பாதைகளில் டார்ச் அடித்துக் கண் மின்னுகிறதா என்று தேடுவதற்கும் வேட்டைக்கும் துப்பாக்கி ஒன்றுதான் வித்தியாசம்.

ஜீப் ஓட்டுநரைத் திட்டிப் பயனில்லை. புலி காட்டினால் ஐந்நூறு ரூபாய் டிப்ஸ், காட்டாவிட்டால் முறைப்பு என்று நாம் விதி வகுத்துவிட்டால் அவர் வேறென்ன செய்வார்? போனில் தகவல் பறக்கிறது. ஒரு யானைக் குடும்பத்தைச் சுற்றி நாலு வண்டி நிற்கிறது. குட்டியை நடுவில் மறைத்துக்கொண்டு பெண் யானைகள் தலையை ஆட்டினால், "செம ஆக்‌ஷன்" என்று வீடியோ எடுக்கிறோம்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழும். "பார்த்தால்தானே பாசம் வரும்? பிள்ளைகள் யானையை நேரில் பார்க்காமல் காட்டைக் காப்பாற்று என்றால் எப்படிக் காப்பாற்றுவார்கள்?" யானையை நேரில் கண்ட பிள்ளையின் கண் விரிவதை நானும் கண்டிருக்கிறேன், அந்தச் சந்தோஷத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பார்ப்பதால் மட்டுமே பாசம் வரும் என்பதை ஒப்ப முடியாது. மலைக்குப் போகிறவர்கள் மிக அதிகமாகப் பார்க்கும் காட்டு விலங்கு குரங்குதான். பார்த்துப் பார்த்து நாம் அதற்குச் செய்த நன்மை என்ன? சிப்ஸ் பாக்கெட் எறிந்ததும், பிறகு தொல்லை என்று கல்லெறிந்ததும்தான்.

அப்புறம், பாசத்திலும் பாரபட்சம். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் நீர்மருத மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகு கூடு கட்டுகிறது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1992க்கும் 2007க்கும் நடுவே இந்தியாவில் இந்த இனம் ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. கால்நடைகளுக்கு அந்த மருந்து 2006இல் தடைசெய்யப்பட்டது. இந்தக் காடுகளில் இன்று புலியைவிடப் பாறு அரிது. அது தலைக்கு மேல் வட்டமிட்டாலும் வேனுக்குள்ளிருந்து வரும் குரல், "அது ஏதோ பருந்து. வண்டிய எடுங்க" என்பதுதான். இவர்கள் தேடுவது போஸ்டரில் பார்த்து வைத்த முகத்தை.

காட்டைப் பார்க்கத் தெரிந்தவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை டாப்ஸ்லிப் பக்கம் ஒரு மார்ச் மாதக் காலை நடையில் கவனித்தேன். வழிகாட்டியாக வந்த மலசர் பழங்குடிப் பெரியவர் ஒரு பெரிய மரத்துக்கு எட்டத்திலேயே எங்களை நிறுத்தினார். எல்லோரும் அண்ணாந்தோம். "மேல அப்புறம் பாக்கலாம் சார், கீழ பாருங்க" என்றார். மரத்தடியில் விதைகள் குவிந்துகிடந்தன, நடுவே சிறு கன்றுகள் முளைவிட்டிருந்தன. பிறகுதான் மேலே காட்டினார். பொந்தின் வாய் மண்பூச்சு மாதிரி அடைபட்டு, நடுவில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. பெரிய இருவாச்சியின் பெண் உள்ளே தன்னை அடைத்துக்கொண்டு குஞ்சு வளர்க்கிறது. மாதக்கணக்கில் ஆண்தான் பழம் கொண்டுவந்து அந்தப் பிளவு வழியே ஊட்ட வேண்டும். கீழே கிடந்தவை அப்படித் தின்று உமிழ்ந்த விதைகள். நாளைய காடு அங்கேதான் முளைக்கிறது.

அப்போது பின்னால் ஒரு கும்பல் வந்து சேர்ந்தது. "எங்கங்க பறவை? வரச் சொல்லுங்க" என்றார் ஒருவர். பெரியவர் பதில் சொல்லாமல் தூரத்து மரம் ஒன்றைக் கண்ணால் காட்டினார். இலைக்குள் ஆண் இருவாச்சி உட்கார்ந்திருந்தது. "வாயில பழம் வச்சிருக்கு. நாம போனாத்தான் வரும். நிக்க நிக்க உள்ள இருக்கிறதுக்குப் பட்டினி" என்றவர், எங்களைத் திருப்பி நடத்திவிட்டார். ஊட்டுவதைப் பார்க்கவில்லையே என்று எங்களில் சிலருக்குக் குறை. நாங்கள் பார்த்திருந்தால் அது ஊட்டியிருக்காது.

விலகி நிற்பதும் பாதுகாப்புதான் என்பது பூங்காக்களை நன்றாக நடத்துகிறவர்களுக்குத் தெரியும். மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்கா 97 சதுர கிலோமீட்டர். பயணிகள் போகக்கூடியது ராஜமலைப் பக்கத்து ஒரு சிறு பகுதி மட்டும். வரையாடு குட்டி போடும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அதையும் மூடிவிடுகிறார்கள். குட்டிகளைப் பார்க்க ஆசையோடு வந்தவர் கேட்டில் நின்று ஏசுவார். குட்டி பிழைப்பது அந்தப் பூட்டால்தான். நம் பக்கத்து முக்குருத்தி தேசியப் பூங்கா 78 சதுர கிலோமீட்டர் புல்வெளியும் சோலையும். அங்கே வேன் சஃபாரி கிடையாது. நம் மாநில விலங்கான வரையாடு மேகத்துக்குள் மேய்ந்துகொண்டிருக்கிறது. நாம் வந்து பார்க்கவில்லை என்று அதற்கு எந்தக் குறையும் இல்லை.

வனத்துறைமீதும் எனக்குப் புகார் உண்டு. நுழைவுச்சீட்டுக் கவுன்ட்டரில் ஆளுயரப் புலிப்படத்தை மாட்டிவைத்துவிட்டு, உள்ளே புலி கேட்காதே என்றால் எப்படி? பல காப்பகங்களில் சஃபாரி என்பது வேனை ஓட்டி வருவதோடு முடிகிறது. பேசத் தெரிந்தவர் ஒருவரும் வண்டியில் இருப்பதில்லை. வேட்டைத் தடுப்புக் காவலர்களாக இருக்கும் குறும்பர், இருளர், காட்டுநாயக்கர், மலசர், காடர் இளைஞர்களுக்குத் தடம் படிக்கத் தெரியும், லத்தியைக் கிளறி யானை எப்போது போனது என்று சொல்லத் தெரியும், கடமானின் எச்சரிக்கைக் குரலுக்கும் சும்மா கத்துவதற்கும் வேறுபாடு தெரியும். அவர்களில் விருப்பமுள்ளவர்களை நல்ல சம்பளத்தோடு ஒவ்வொரு வேனிலும் ஏற்றலாம். நடைப் பயணங்களைச் சிறு குழுக்களுக்கு மட்டும் நடத்தலாம். டிப்ஸ் வாங்கக் கூடாது என்று எழுதி ஒட்டி, அதற்கு ஈடான தொகையைக் கட்டணத்திலேயே சேர்த்துவிடலாம். புலி வந்தாலும் வராவிட்டாலும் ஓட்டுநரின் வருமானம் ஒன்றுதான் என்றால் பாதித் துரத்தல் அன்றே நின்றுவிடும்.

கூட்டத்தைக் குறைப்பது மட்டும் போதாது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வந்தது. 2025இல் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் ஆறாயிரம் வண்டியில் வருகிறவர்களும் 'எங்கே என் புலி?' என்ற அதே கேள்வியோடு வந்தால், குறைந்த கூட்டம் அதே தொல்லையைத்தான் செய்யும்.

ஆகவே கவுன்ட்டரில் அந்தப் புலிப்படத்தைக் கழற்றிவிட்டு, அதே அளவில் ஒரு பலகை வையுங்கள்: 'இங்கே விலங்குகள் வாழ்கின்றன. அவை உங்கள் கண்ணில் படும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பணம் திருப்பித் தரப்பட மாட்டாது.' அதைப் படித்துவிட்டும் சீட்டு வாங்குகிறவர்தான் காட்டுக்கு வந்தவர். படித்துவிட்டுத் திரும்பிப் போகிறவரை நினைத்து யாரும் வருந்த வேண்டாம். வரிசை குறையும், காட்டுக்கும் லாபம்.