கேப் போட அவசரமா?

‘நாளைக்கே கேப் மாட்டிடுங்க டாக்டர், மறுநாள் கல்யாணம்’ என்று கேட்கிறவரா நீங்கள்? அது எப்படித் தயாராகிறது என்று தெரிந்தால் கொஞ்சம் பொறுப்பீர்கள்.

உள்ளே உலோகம், மேலே பல் நிறத்தில் பீங்கான். பலர் வாயில் இருப்பது இதுதான். பீங்கான் பொடியை நீரில் குழைத்து, பிரஷ்ஷால் அடுக்கடுக்காகப் பூசி, 900 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் சுடுவார்கள். ஈரத்தோடு உலைக்குள் தள்ளினால் நீர் ஆவியாகிப் பூச்சையே பிளந்துவிடும். அதனால் முதலில் உலை வாசலில் வைத்து நிதானமாகக் காயவைக்க வேண்டும்.

பெரிய கண்டம் ஆறும்போதுதான். பீங்கான் அழுத்தினால் தாங்கும், இழுத்தால் விரியும். ஆகவே பீங்கானைவிட ஒரு துளி கூடுதலாகச் சுருங்கும் உலோகமாகப் பார்த்து ஜோடி சேர்ப்பார்கள். அது பீங்கானை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஜோடி பொருந்தாவிட்டால் மயிரிழை விரிசல்தான்.

இப்போது பலரும் கேட்கும் சிர்கோனியா சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். மேலே பூசிய பீங்கான் ஆறி இறுகிய பிறகும் உள்ளே சூடு தங்கும். சட்டென்று வெளியே எடுத்தால், கொதிக்கிற கண்ணாடி டம்ளரைக் குழாயடியில் காட்டிய கதை! பாதிப்பு அன்றைக்கே கண்ணில் படாமலும் போகலாம். பிறகொரு நாள் முறுக்கு கடிக்கும்போது சில்லு பெயரும். செலவு மறுபடி முதலிலிருந்து.

விசேஷத் தேதியை அளவெடுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். ஒட்டுவதற்கு முன் கேப்பை வெளிச்சத்தில் காட்டச் சொல்லிப் பாருங்கள். உயரம் குறைக்க உரசினால், அந்த இடத்தை மறுபடி பாலிஷ் செய்யச் சொல்லுங்கள். சொரசொரப்பாக விட்டால் எதிர்ப்பல் தேயும்.