கண்ணைக் காக்கும் மருந்தும் மார்புச் சளியும்



மழையும் பனியும் மாறிமாறி வரும் மாதங்களில் பல்லடம் வட்டாரத்தில் சளியும் இருமலும் இல்லாத குழந்தையைக் காண்பது அரிது. விசைத்தறிக் கூடத்தின் பஞ்சுத் தூசும் விறகடுப்பின் புகையும் அத்தொல்லையை வளர்க்கின்றன. அங்கன்வாடியில் கொடுக்கும் வைட்டமின் 'ஏ' திரவத்தை இன்னும் ஒரு முறை வாங்கிக் கொடுத்தால் இது தீராதா என்று தாய்மார் சிலர் எண்ணுகின்றனர். இக்கேள்விக்குத் தெளிவான விடையை நம் தமிழகமே உலகிற்கு அளித்துள்ளது.

மாலைக்கண்ணையும் பார்வை இழப்பையும் தடுப்பதற்காகவே நம் நாட்டில் 1970-ஆம் ஆண்டு இம்மருந்து வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. பின்னர், இச்சத்துக் குறைந்த குழந்தைகள் கண்ணை மட்டுமன்றி உயிரையும் இழக்க நேரிடுகிறது என்பது இந்தோனேசியாவில் நடந்த ஆய்வுகளால் புலப்பட்டது. அதன்பின் மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சார்ந்த மருத்துவர் லைலா ரஹ்மத்துல்லாவும் அவருடைய குழுவினரும் திருச்சி மாவட்டக் கிராமங்களில், ஐந்து வயதுக்குட்பட்ட 15,419 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தினர். ஒரு பகுதியினருக்கு வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் 'ஏ' ஓராண்டு காலம் கொடுக்கப்பட்டது. மற்றவர்க்கு அது கொடுக்கப்படவில்லை.

1990-இல் முடிவு வெளியாயிற்று. மருந்து பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது! ஆனால் 1991-இல் அதே குழுவினர் மற்றோர் உண்மையையும் வெளியிட்டனர். சளி, இருமல், வயிற்றுப்போக்கு ஆகியவை இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்திருந்தன.

இதன் பொருள் யாது? வைட்டமின் 'ஏ' நோய் வாசலில் நுழையாமல் தடுக்கும் காவலன் அன்று. சத்துக் குறைந்த குழந்தை, வந்த நோயைத் தாங்கி எழுவதற்கு வலுவூட்டும் துணைவன். ஆகவே அதை உரிய காலத்தில் தவறாமல் கொடுக்க வேண்டும். ஆனால் இருமலுக்கென்று கூடுதலாகக் கொடுத்தல் ஆகாது. ஒன்பதாம் மாதத்தில் 1 லட்சம் யூனிட். பதினாறு முதல் பதினெட்டு மாதத்திற்குள் 2 லட்சம். பிறகு ஐந்து வயதுவரை ஆறு மாதத்திற்கொருமுறை 2 லட்சம். இதுவே முறை. இச்சத்து ஈரலில் தங்கிவிடுவதால் மிகுந்தால் தலைவலியும் வாந்தியும் உண்டாகும். கைக்குழந்தைக்கு உச்சிக்குழி புடைத்தலும் உண்டு.

தட்டம்மை மட்டும் இதற்கு விலக்கு. அதைத் தொடர்ந்து நிமோனியா வரக்கூடும். ஆதலால் மருத்துவர் இரண்டு நாள் தொடர்ந்து இம்மருந்தைக் கொடுப்பார். அம்மைக்கு மருந்தே ஆகாது என்று குழந்தையை வீட்டிலேயே வைத்திருப்பது பெரும் பிழையாகும்.

திருச்சியில் ஒரு வாரத்திற்குக் கொடுக்கப்பட்டது ஏறத்தாழ 8,300 யூனிட்டே. நல்ல உணவிலிருந்தே பெறத்தக்க அளவு இது. நம் தோட்டத்து முருங்கைக்கீரை, அரசாணிக்காய், பப்பாளி, முட்டையின் மஞ்சட்கரு, பல்லடத்திற்குப் பெயர் தந்த கோழியின் ஈரல் ஆகிய யாவற்றிலும் இச்சத்து நிறைந்துள்ளது. கீரையைச் சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைத்தால்தான் சத்து உடலில் சேரும். ஆறு மாதம்வரை தாய்ப்பால் ஒன்றே போதும்.

நிமோனியாவைத் தடுக்கத் தடுப்பூசிகளே உற்ற துணை. நியூமோகாக்கல் தடுப்பூசி ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் என மூன்று முறை அரசு நிலையங்களில் இலவசமாகப் போடப்படுகிறது.

அன்னையரே, இருமும் குழந்தை அமைதியாக இருக்கையில் ஒரு நிமிடம் முழுவதும் அதன் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுவரை 50, ஐந்து வயதுவரை 40 என்னும் எண்ணிக்கையை மூச்சு எட்டினாலோ தாண்டினாலோ, மூச்சிழுக்கையில் மார்பின் அடிப்பகுதி உள்ளே குழிந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, மறுநாளைக்கு என்று ஒத்திவையாதீர். ஷிப்டு முடியட்டும் என்றும் காத்திராதீர். ஒருநாள் கூலி போனால் மீண்டும் வரும். இறைவன் நம் கையில் ஒப்படைத்த குழந்தையின் மூச்சு அவ்வாறன்று.