ஹவ்வா உம்மா மேல் போட்ட பழி எந்தக் கிதாபில் இருக்கிறது?

திரியாய், புல்மோட்டை, குச்சவெளிப் பக்கத்துச் சகோதர சகோதரிகளுக்கு. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

பெண்பிள்ளைகளின் படிப்பு, உடுப்பு, கலியாணம் என்று எந்தப் பேச்சு எடுத்தாலும் எங்கள் பயான்களில் ஒரு கதை ஓடி வருகிறது. ஆதம் நபி சும்மா இருந்தார்களாம். ஹவ்வா உம்மாதான் ஆசை காட்டிப் பழத்தைத் தின்ன வைத்தார்களாம். அதனால்தான் சுவர்க்கம் கைவிட்டுப் போனதாம். ஆகவே பொம்பிளை பேச்சைக் கேட்காதே! தரம் எட்டுப் பிள்ளைகூட இதை ஒப்புவிக்கும். எந்த சூறாவில் இருக்கிறது என்று கேட்டால்தான் வாய் திறக்காது.

சூறா பகராவின் 36ஆம் வசனத்தைப் பாருங்கள். ஷைத்தான் சறுக்க வைத்தது இருவரையும். அஃராஃபின் 20இல் அவன் ஊசாட்டம் போட்டதும் இருவருக்கும்தான். தாஹா 120, 121க்கு வந்தால் அவன் பேசுவது ஆதமிடம். மாறு செய்தவர் என்று பெயர் சொல்லப்படுவதும் ஆதம். ஹவ்வா என்ற பெயரே குர்ஆனில் வருவதில்லை, அவருடைய துணைவி என்றுதான் வருகிறது.

அப்படியானால் கதை கிறிஸ்தவர்களுடைய வேதத்திலிருந்து வந்தது என்று சிலர் லேசாகச் சொல்லிவிடுவார்கள். அதையும் திறந்து பார்ப்போம். கத்தோலிக்கர் தொடக்கநூல் என்றும் மற்றச் சபையார் ஆதியாகமம் என்றும் சொல்லும் புத்தகத்தின் 3ஆம் அதிகாரம். அங்கே ஆப்பிள் இல்லை. சாத்தான் என்ற சொல் இல்லை, பாம்புதான் பேசுகிறது. பெண் தின்று, கணவனுக்கும் கொடுக்கிறாள், அவனும் தின்கிறான். அவள் கெஞ்சியதாகவோ மயக்கியதாகவோ அந்த இடத்தில் ஒரு சொல் கிடையாது. ஹீப்ரு மூலத்தில் அந்த நேரம் கணவன் அவளோடுதான் இருக்கிறான். மனைவி சொல்லைக் கேட்டதற்காக ஆதாம் கண்டிக்கப்படுவது 17ஆம் வசனத்தில் இருக்கிறது, மறைக்கவில்லை. பிரசவ வேதனையும் கணவனின் ஆளுகையும் அவளுக்குச் சொல்லப்படுகின்றன. ஆனால் சாபம் என்ற சொல் விழுவது பாம்பின் மேலும் நிலத்தின் மேலும்தான், அவள் மேல் அல்ல. விசாரித்தவுடன் நீ தந்த பெண்தான் தந்தாள் என்று கையைக் காட்டுவது ஆதாம். (இந்த வழக்கம் ஆண்களுக்கு அன்றே வந்திருக்கிறது.)

பெண்தான் ஏமாந்தாள், ஆதாம் ஏமாறவில்லை என்று வெட்டு ஒன்றாகச் சொல்லும் இடம் புதிய ஏற்பாட்டில், பவுலின் பெயரில் உள்ள தீமோத்தேயுவுக்கான முதல் நிருபத்தில், 2ஆம் அதிகாரம் 14ஆம் வசனத்தில் இருக்கிறது. பெண் உபதேசம் செய்யக்கூடாது என்பதற்குக் காரணமாக அது சொல்லப்படுகிறது. அதே பவுல் ரோமருக்கு எழுதும்போது, 5ஆம் அதிகாரம் 12இல், பாவம் ஒரே மனிதனால் வந்தது என்று ஆதாம் மேல்தான் வைக்கிறார். முதல் நிருபத்தைப் பவுல் எழுதவில்லை என்று சொல்லும் கிறிஸ்தவ அறிஞர்களும் ஏராளம். ஆக, அவர்களே தங்களுக்குள் வாதாடிக்கொண்டிருக்கும் ஒரு வசனத்தை எங்கள் மிம்பரில் ஏற்றி, அதற்குத் தொப்பி போட்டு வைத்திருக்கிறோம்.

தஃப்ஸீரில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஹிஜ்ரி 310இல் வபாத்தான இமாம் தபரி, பாம்புக் கதையை வஹ்பு இப்னு முனப்பிஹ் வழியாகப் பதிந்திருக்கிறார். இஸ்ராயீலிய்யாத் என்று ஆலிம்கள் பிரித்துக் காட்டும் வகை அது. ஹவ்வா இல்லாவிட்டால் எந்த மனைவியும் கணவனுக்குத் துரோகம் செய்திருக்கமாட்டாள் என்று வரும் புகாரி ஹதீஸைக் கொண்டு வருவோர், அதில் மரமோ பழமோ சுவர்க்கமோ பேசப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

கிறிஸ்தவர்களோடு எங்களுக்கு உண்மையான வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. ஆதாமின் பாவம் பிறக்கும் குழந்தைக்கும் தொடர்கிறது என்பதை மேற்குச் சபைகள் அகுஸ்தீனுக்குப் பிறகு உறுதியாகப் பிடித்தன. நாங்கள் ஏற்பதில்லை. ஆதம் தவ்பா செய்தார்கள், அல்லாஹ் ஏற்றுக்கொண்டான், பகரா 37. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமப்பதில்லை, அன்ஆம் 164. அவர்களுடைய எசேக்கியேல் 18ஆம் அதிகாரமும் தகப்பன் பாவத்தை மகன் சுமக்கமாட்டான் என்றுதான் சொல்கிறது. இதையெல்லாம் பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறோம். வீட்டுக்கு வந்ததும் ஹவ்வாவின் பிழையை எடுத்து மகளின் தலையில் வைக்கிறோம். ஜென்மப் பாவம் ஆண்களுக்கு இல்லை, பெண்களுக்கு மட்டும் உண்டு என்று எந்த நபி சொன்னார்கள்?

எழுதாததை எழுதியதாக நம்புவது இந்த நாட்டில் புதிதல்ல. ஆதம் நபி இறங்கிய இடம் பாவா ஆதம் மலை என்கிறோம், மன்னாரில் இருவருக்கும் கப்று காட்டுகிறோம். குர்ஆனும் பைபிளும் இரண்டையும் சொல்லவில்லை. மலைக் கதையால் யாருக்கும் நட்டமில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்தக் கதையால் நட்டம் இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்த 2009இல் அமைத்த குழு 2018இல்தான் அறிக்கை கொடுத்தது. அந்தச் சட்டப்படி பெண் காழியாக முடியாது. கலியாணப் பதிவில் மணமகள் கையொப்பம் கேட்கப்படுவதும் இல்லை. அதைப் பற்றி வாய் திறந்தால் முதலில் வருவது ஆயத்தும் அல்ல, ஹதீஸும் அல்ல, இந்தப் பழக் கதைதான். அஃராஃப் 23இல், எங்களுக்கு நாங்களே அநியாயம் செய்துகொண்டோம் என்று ரப்பிடம் சொன்னது இரண்டு பேர். ஆதம் ஹவ்வாவுக்கு வலியாக நின்று அவருக்கும் சேர்த்துத் தவ்பா கேட்கவில்லை.

வருகிற ஜும்ஆவில் பயான் செய்ய இருப்பவர்கள் அஃராஃப் 19 முதல் 23 வரை தர்ஜுமாவோடு வாசித்துக் காட்டட்டும். ஐந்தே ஆயத்துகள். பெண் ஆசை காட்டிய இடத்தை அதில் யாராவது விரல் வைத்துக் காட்டினால் இந்தப் பதிவை எடுத்துவிடுகிறோம்.