துறந்தவர் ஏறிய நீதிபீடம்

பதவி ஒருவரைத் தேடி வருதல் பெருமையே. ஆயின், வந்த பதவியைக் கொள்கையின் பொருட்டுத் துறக்க அவரால் முடியுமா என்பதே அவரை அளக்கும் கோல். ஐக்கிய அமெரிக்காவின் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் அமர்ந்த முதற் கறுப்பின நீதிபதியாம் வில்லியம் ஹேஸ்ரியின் வாழ்வு இதற்குச் சான்று.

1904இல் பிறந்த ஹேஸ்ரி, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றவர். 1937இல் சனாதிபதி றூஸ்வெல்ற் அவரை வேர்ஜின் தீவுகளின் மாவட்ட நீதிபதியாக நியமித்தார். கறுப்பினத்தவர் எவரும் அதற்குமுன் சமஷ்டி நீதிபதியாக இருந்ததில்லை. அத்தகைய ஆசனத்தை 1939இல் அவர் தாமாகவே விட்டு, கறுப்பின இளைஞரைச் சட்டத்தரணிகளாக்கிய ஹோவர்ட் சட்டக் கல்லூரியின் தலைமையை ஏற்றார்.

1940இல் யுத்த அமைச்சரின் ஆலோசகரானார். இராணுவம் வீரரை நிறத்தால் பிரித்து வைத்திருந்தது. இரண்டாண்டுக்கு மேலாக உள்ளிருந்தே எதிர்த்தார், பயனில்லை. போர் உக்கிரமாய் நடந்துகொண்டிருந்த 1943 சனவரியில் இராசினாமாச் செய்தார். காரணத்தையும் நாடறிய உரைத்தார்.

ஓராண்டு கழிந்தது. தேர்குட் மார்ஷலுடன் அதியுயர் நீதிமன்றில் தோன்றி வாதாடினார். ரெக்சாஸ் மாநிலத்தில் சனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தெரியும் தேர்தலில் கறுப்பின மக்கள் வாக்களிக்கலாகாது என்றிருந்த தடை 1944இல் தகர்ந்தது.

1946இல் அதே வேர்ஜின் தீவுகளின் தேசாதிபதியானார். 1949இல் சனாதிபதி ட்றூமன் அவரை மூன்றாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு நியமித்தார். மறு ஆண்டு செனற் சபை அதனை உறுதிசெய்தது. 1968 முதல் 1971 வரை அதன் பிரதம நீதிபதியாகவும் விளங்கினார்.

அந்நாட்டு அரசியலமைப்பு, மேன்முறையீட்டு நீதிபதி நன்னடத்தையோடு இருக்கும்வரை அவரைப் பதவியினின்று நீக்கவோ, அவர் சம்பளத்தைக் குறைக்கவோ இடந்தருவதில்லை. போற்றத்தக்க காப்பு இது. எனினும், சட்டம் ஆசனத்தைக் காக்கலாம். நெஞ்சுரத்தை ஊட்ட அதனால் இயலாது. நாற்றுமேடையில் நலிந்த பயிர், நல்ல வயலில் நட்டதனால் மட்டும் செழித்துவிடுமா? வேலியின்றி நின்ற நாளிலேயே ஹேஸ்ரி நிமிர்ந்து நின்றார். வேலி பின்னரே கிட்டியது.

ஆதலின், நீதிபதிகளைத் தெரியும் அதிகாரம் படைத்தோர், ஒருவர் ஏறிய படிகளை மட்டும் எண்ணுதல் போதாது. எப்படியினின்று, எதன் பொருட்டு இறங்கினார் என்பதையும் கேட்டறிய வேண்டும். நீதிமன்றப் படியேறும் ஏழையின் நிலமும் உரிமையும் அவ்வொரு கேள்வியில் தங்கியுள்ளன.