எத்தனையாவது ஊசி என்று யார் எண்ணுகிறார்கள்?

கத்தி இல்லை, எக்ஸ்ரே கதிரும் இல்லை. காந்த சக்தியைக் கொண்டே மூளையை மடிப்பு மடிப்பாகப் படம் பிடித்துத் தந்துவிடுகிறது எம்.ஆர்.ஐ. யந்திரம். குழந்தைகளுக்கு இது பெரிய வரப்பிரசாதம் என்பதில் அபிப்பிராய பேதம் இல்லை. ஆனால் "மருந்து போட்டு எடுக்க வேண்டும்" என்று சொல்லி, பாதியில் நிறுத்திக் குழந்தையின் கை நரம்பில் ஓர் ஊசி போடுகிறார்களே, அதைப் பற்றித்தான் இங்கே பேச்சு. ஒரு தரம் என்றால் பெரிய விஷயமில்லை. பத்து, பதினைந்து தரம் என்றால்?

கான்ட்ராஸ்ட் என்கிற அந்த மருந்தில் இருப்பது காடோலினியம் என்ற உலோகம். நோயுற்ற இடத்தைப் படத்தில் வெள்ளையாகப் பளிச்சிடச் செய்வது அதுதான். தனியாக உடம்பில் விட்டாலோ, விஷம். ஆகவே வேறொரு ரசாயனப் பொருளால் அதை இறுகப் பிடித்து, அந்தப் பிடியோடேயே சிறுநீரில் வெளியேறும்படி தயாரிக்கிறார்கள். இந்தப் பிடியில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, முடிச்சுப் போடாமல் சுற்றி வைத்த கயிறு போன்றது. மற்றொன்று, நாற்புறமும் மூடிய வளையம். கிளிக்கூண்டு என்று வைத்துக்கொள்ளுங்களேன். கயிறு நழுவலாம், கூண்டு சுலபத்தில் திறக்காது. 1988-ல் அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி பெற்ற மருந்து, கயிற்று ஜாதிதான்.

2006-ல் முதல் எச்சரிக்கை மணி அடித்தது. சிறுநீரகம் கெட்டுப்போன நோயாளிகளின் தோல் மரக்கட்டை போல் இறுகிப்போகும் ஒரு கொடிய வியாதிக்கும் இந்த மருந்துக்கும் தொடர்பு இருப்பதை ஐரோப்பிய டாக்டர்கள் கண்டறிந்தார்கள். சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களுக்குக் கவலை இல்லை என்று உலகம் ஆறுதல் அடைந்தது. 2014-ல் அந்த நிம்மதியும் குலைந்தது. பல தரம் இந்த ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு, மருந்தே போடாமல் எடுத்த படத்திலும் மூளையின் சில பகுதிகள் வெளுத்துத் தெரிவதை, ஜப்பானில் டோமோனோரி காண்டா என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் எடுத்துக் காட்டினார்கள். மறு ஆண்டு அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், ஊசி போட்டுக்கொண்டு பின்னர் இறந்துபோனவர்களின் மூளையைச் சோதித்தபோது அந்த உலோகமே அகப்பட்டது. பிற்பாடு குழந்தைகளின் படங்களிலும் அதே வெண்மை தென்பட்டது.

இப்படித் தங்குவதால் கெடுதல் உண்டா? சிறுநீரகம் சரியாக இருப்பவர்களுக்கு மூளையில் தங்கிய காடோலினியத்தால் தீங்கு நேர்ந்ததாக இதுவரை நிரூபணம் ஆகவில்லை. இதை மறைத்துப் பெற்றோரைக் கதிகலங்க வைப்பது பாவம். ஆயினும் வளர்ந்துகொண்டிருக்கும் மூளை அது; ஐந்து வயதுக் குழந்தைக்கு முன்னால் எழுபது வருஷ வாழ்க்கை கிடக்கிறது. அத்தனை காலம் யாரும் இன்னும் கவனித்துப் பார்த்ததில்லை. ஐரோப்பிய மருந்து அதிகாரிகள் 2017-ல் கயிற்று ஜாதி மருந்துகளில் பெரும்பாலானவற்றை நரம்பில் போடுவதை நிறுத்தி வைத்தார்கள். ஈரலைப் படம் எடுப்பது போன்ற சில காரியங்களுக்கு மட்டும் விட்டு வைத்தார்கள். அமெரிக்கர்களோ அதே ஆண்டு எச்சரிக்கையோடு நின்றுகொண்டார்கள்: குழந்தைகள், கர்ப்பிணிகள், பல தரம் போட்டுக்கொள்பவர்கள் விஷயத்தில் யோசித்துச் செய்யுங்கள் என்று. நம்மைக் கேட்டால் ஐரோப்பா செய்ததே சரி. கூண்டு ஜாதி மருந்திலும் சிறிதளவு தங்கத்தான் செய்கிறது. ஆனால் மிகக் குறைவு. அது அலமாரியில் இருக்கும்போது குழந்தைக்கு மற்றதை எடுப்பானேன்?

கண் நரம்பில் மெதுவாக வளரும் கட்டி உள்ள ஒரு குழந்தையை நினைத்துப் பாருங்கள். முதல் 2 வருஷம் மூன்று மாதத்துக்கு ஒரு படம், அடுத்த 3 வருஷம் ஆறு மாதத்துக்கு ஒன்று என்றால் மொத்தம் 14. ஒவ்வொரு தடவையும் ஊசி. ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமானதுதான்; பதினான்கையும் சேர்த்துப் பார்ப்பவர் யார்?

அதற்காக ஊசியே கூடாது என்று அடம் பிடிக்கும் பெற்றோருக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. மூளையில் சீழ் கட்டியிருக்கிறதா, கட்டி முதுகுத்தண்டின் உறைக்குப் பரவியிருக்கிறதா என்பதைப் பார்க்க இந்த மருந்து அவசியம். அங்கே மறுப்பது குழந்தையின் உயிரோடு விளையாடுவது. ஆனால் மண்டையில் நீர் கோத்த குழந்தைக்கு அந்த நீரின் அளவைப் பார்க்கவும், வளர்ச்சி பின்தங்கிய குழந்தையை முதன்முதலில் பரிசோதிக்கவும் பெரும்பாலும் மருந்தில்லாப் படமே போதும். பழக்கதோஷத்தில் எல்லாருக்கும் போட்டுவிடும் வழக்கத்தைத்தான் ஆட்சேபிக்கிறோம்.

ஸ்கேனுக்குச் சீட்டு எழுதும்போதே, "டாக்டர், இந்தத் தடவை ஊசி இல்லாமல் முடியாதா? போட்டால் எந்த ஜாதி?" என்று கேட்டால் நல்ல டாக்டர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். சிறுநீரகம் முதிராத கைக்குழந்தை விஷயத்தில் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும். மருந்துகளும் முன்னேறி வருகின்றன. 2022-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற காடோபிக்லெனால் என்ற கூண்டு ஜாதி மருந்து, பாதி அளவு உலோகத்தைக் கொண்டே அதே தெளிவைத் தருகிறது.

ஆஸ்பத்திரிகளிடமும் ஒரு கோரிக்கை. "கான்ட்ராஸ்ட் கொடுக்கப்பட்டது" என்று மொட்டையாக எழுதுவது போதாது. தடுப்பூசிக்கு அட்டை போட்டுத் தேதி வாரியாகக் குறித்துத் தருகிறோமே, அதே அட்டையின் பின்புறத்தில் இடம் இருக்கிறது. மருந்தின் பெயர், எத்தனை மில்லி, என்ன தேதி என்று ஊசிக்கு ஒரு வரி எழுதினால், குடும்பம் ஊர் மாறினாலும் டாக்டர் மாறினாலும் அந்தக் கணக்கு குழந்தையோடு கூடவே போகும்.