முதல் இல்லாத முதலாளி

தமிழ் சினிமா யூனிட்டில் தயாரிப்பாளருக்கு ஒரே பெயர்தான்... "முதலாளி". லைட்மேன் முதல் மேனேஜர் வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் பல முதலாளிகளிடம் 'முதல்' என்ற வரியே இருக்காது. இருப்பதெல்லாம் கடன்!

பெரிய பேனரும் பெரிய ஹீரோவும் இல்லாத ஒரு புதுத் தயாரிப்பாளரை எடுத்துக்கொள்வோம். 2 கோடியில் படம். மொத்தமும் ஃபைனான்ஸ், மூணு வட்டி. மாதம் 6 லட்சம். கால்ஷீட் குழப்பம், சென்சார், தியேட்டர் கிடைக்காத சிக்கல் என்று இரண்டு வருடம் இழுத்தால் வட்டி மட்டும் 1 கோடியே 44 லட்சம். இப்போது 3 கோடியே 44 லட்சம் கைக்கு வந்தால்தான் அவர் தரையில் நிற்க முடியும். படம் நன்றாக இருக்கிறதா என்ற பேச்சே இதுவரை வரவில்லை, கவனித்தீர்களா?

க்ளைமாக்ஸ் ரிலீஸுக்கு முந்தின ராத்திரி. ஃபைனான்சியர் "பாக்கி இல்லை" என்று கடிதம் கொடுக்காவிட்டால் தியேட்டரில் படம் ஓடாது. அந்தக் காலத்தில் லேபில் நெகட்டிவ் சிக்கிக்கொள்ளும். இப்போது டிஜிட்டல் சாவி வராது. அவ்வளவுதான் வித்தியாசம். விடிவதற்குள் சாட்டிலைட் உரிமையோ ஒரு ஏரியாவோ வந்த விலைக்குப் போகும். இவருக்குப் பெயர் 'சுதந்திரத்' தயாரிப்பாளராம்!

இதில் பலருக்கு முதல் படமே கடைசிப் படம். வீட்டை விற்றுக் கடனை அடைப்பார்கள். அதற்கும் மேடையில் ஒரு பாராட்டு உண்டு... "சினிமா மேல அவ்வளவு காதல் சார் அவருக்கு!" இந்த வசனத்தை முதலில் நிறுத்த வேண்டும். ஜவுளிக்கடை வைத்து வீட்டை விற்றவரை எந்த மேடையிலாவது "துணி மேல என்ன காதல்" என்று பாராட்டியிருக்கிறார்களா?

"கணக்குத் தெரியாமல் வந்தால் இப்படித்தான்" என்பது அடுத்த வாதம். அப்படியா? ஜி.வெங்கடேஸ்வரன் ஒரு சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட். 'மௌன ராகம்' (1986), 'அக்னி நட்சத்திரம்' (1988), 'தளபதி' (1991) எல்லாம் அவர் தயாரித்தவை. சினிமா கம்பெனியைப் பங்குச் சந்தை வரை கொண்டுபோனவர். அவரே 2003 மே மாதம், கடன் நெருக்கடிக்கு நடுவே, தன் வாழ்க்கையைத் தானே முடித்துக்கொண்டார். ஆடிட்டருக்கே இந்த கதி என்றால் கோளாறு ஆளிடம் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது.

"பேங்க் லோன் வாங்க வேண்டியதுதானே?" 1998-ல் மத்திய அரசு சினிமாவைத் தொழிலாக அறிவித்தது உண்மைதான். ஆனால் பேங்க் செக்யூரிட்டி கேட்கும். எடுக்காத படத்தை யார் அடமானம் வாங்குவார்கள்? திரும்பவும் அதே வீட்டுப் பத்திரம்தான்.

வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது. 1976-ல் ஷியாம் பெனகலின் 'மந்தன்' படத்துக்கு குஜராத் பால் கூட்டுறவு விவசாயிகள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டார்கள். 10 லட்சம் சேர்ந்தது. 2013-ல் கன்னட 'லூசியா' பார்வையாளர்கள் போட்ட பணத்தில் வந்தது. கடன் கொடுத்தவர் படம் ஓடாவிட்டாலும் வட்டி கேட்பார். பங்கு போட்டவர் லாபத்தைப் போலவே நஷ்டத்தையும் பகிர்ந்துகொள்வார். பி.காம் முதல் வருடப் பாடம் இது!

சின்ன பட்ஜெட்டும் ஒரு பாதுகாப்புதான். சி.வி.குமார் 'அட்டகத்தி' (2012), 'பீட்சா' (2012), 'சூது கவ்வும்' (2013) என்று வரிசையாகப் புது இயக்குநர்களை நம்பினார். பா.ரஞ்சித், கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி மூவரும் அப்படி வந்தவர்கள்தான். ஆனால் 'அட்டகத்தி' தியேட்டருக்குப் போக ஸ்டூடியோ கிரீன் கை கொடுக்க வேண்டியிருந்தது. எடுப்பதற்கு மட்டும் பணம் வைத்திருந்தால் போதாது என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டுமா?

ஆகவே தயாரிப்பாளராக ஆசைப்படும் புண்ணியவான்கள் ஹீரோவுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மூன்று காரியம் செய்யட்டும். படத்தைத் தன் பெயரில் எடுக்காமல் லிமிடெட் கம்பெனி பெயரில் எடுப்பது. வட்டிக்காரருக்குப் பதில் பங்குதாரரைத் தேடுவது. எவ்வளவு கெஞ்சினாலும் சொந்த ஜாமீன் கையெழுத்துப் போடாமல் இருப்பது. கையெழுத்துப் போட்டுவிட்டால் லிமிடெட் கம்பெனியும் காப்பாற்றாது.

இதற்கெல்லாம் வழியில்லை என்றால் அந்தப் படம் எடுக்கப்படாமலே போகட்டும். குடி ஒன்றும் முழுகிவிடாது. வீட்டை விற்றவரின் காதலைப் பற்றிப் பேசுகிறவர்கள், அந்த வீட்டில் குடியிருந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பேசட்டும்.