குடிச்ச அன்னிக்கு ஏ.ஆர்.டி. மாத்திரையை விடலாமா?

‘இன்னிக்கு குடிச்சிருக்கேன், மாத்திரை வேணாம்’ - எச்.ஐ.வி.யுடன் வாழும் பலர் செய்யும் தவறு இது. ஏ.ஆர்.டி. மையங்களில் இலவசமாகத் தரப்படும் டி.எல்.டி. மாத்திரையை மது விஷமாக்குவதில்லை. டோஸ்களைத் தவறவிட்டால்தான் வைரஸ் மீண்டும் பெருகும்.

இதிலுள்ள டெனோஃபோவிர், லாமிவுடின் மருந்துகள் ஹெபடைடிஸ் பி வைரஸையும் அடக்குபவை. அந்தத் தொற்றும் இருப்பவர் மாத்திரையை நிறுத்தினால் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படலாம்.

அதற்காக, தாராளமாகக் குடிக்கலாம் என்று அர்த்தமில்லை. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ், மது மூன்றும் சேர்ந்தால் சிரோசிஸ் சீக்கிரமே வரும். ஆரம்பத்தில் வலியே தெரியாது.

திட்டு விழும் என்ற பயத்தில்தான் பலர் குடிப்பதை மறைக்கிறார்கள். ‘எவ்வளவு குடிக்கிறீங்க?’ என்று மையங்களில் முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும். உண்மையைச் சொன்னால்தான் கல்லீரல் பரிசோதனையும், குடியை விடுவதற்கான உதவியும் நேரத்துக்குக் கிடைக்கும். சந்தேகங்களுக்கு இலவச உதவி எண்: 1097.